பறவைகள் எங்கே போகும், ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம் பற்றிய தங்கள் செய்தியில், 'குட்டைகளை வற்றவைத்தால் பறவைகள் தாமாகவே வேறிடம் தேடிக்கொள்ளும்' என்றொரு வரி. சொன்னது யார் என்றுகூட இல்லை. எந்த இடம்? ஆழமில்லாத நீர்நிலைகளைத் தூர்த்த பிறகுதானே அவை கழிவுநீர்க் குட்டைக்கே வந்து சேர்ந்தன! மெல்போர்ன் அருகே வெர்ரிபீ கழிவுநீர் நிலையம் 1982 முதல் ராம்சார் ஈரநிலத்தின், அதாவது பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் பட்டியலிடப்பட்ட ஈரநிலத்தின், பகுதி என்பது தாங்கள் அறியாததல்ல.

குட்டை இருந்தால் மட்டும் போதாது. உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் சேற்றில் புழு தேடுவது 10 சென்டிமீட்டருக்கும் குறைவான தண்ணீரில். ஒரு மீட்டருக்கு நிரப்பிவிட்டால் அவற்றுக்கு அங்கே இரை எட்டாது. கரையைச் செங்குத்தாக்கி சிமென்ட் பூசினால் தண்ணீரில் இறங்கிய குஞ்சு திரும்ப ஏறாது. ஒரு பக்கமாவது 10 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் மட்டுமே உயரும் சரிவில் மண்கரை வேண்டும். இதை எத்தனை விரிவாக்கத் திட்டங்களில் பார்த்திருக்கிறோம்?

நெடுங்கால் உள்ளான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மண்திட்டில் முட்டையிடும். அடைகாக்க சுமார் 25 நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். இடையில் ஒரு சாண் தண்ணீர் ஏற்றினால் கூடு மூழ்கும். இறக்கினால் நாயும் நரியும் நடந்தே திட்டுக்குப் போய்விடும். ஆகவே அந்த இரண்டு மாதமும் மதகைத் தொடக்கூடாது. நடப்பதோ வேறு. கசடு வாரும் ஒப்பந்தக்காரருக்குத் தோதான மாதம் எதுவோ அதுவே முடிவாகிறது, அதுவும் எல்லாக் குட்டைகளிலும் ஒரே சமயத்தில். கூடுகள் காலியான பின், ஒரு குட்டை முடிந்து அடுத்தது என்று வாரினால் என்ன குறைந்துவிடும்?

கோடையில் கழுத்து தொங்கிப் பறவைகள் செத்தால் உடனே 'கழிவுநீரில் விஷம்' என்று தலைப்பு போடுகிறீர்கள். பல சமயம் அது பாட்டுலிசம் என்னும் நச்சு நோய். வெப்பத்தில் ஆக்சிஜன் குறைந்து, அழுகும் பொருளில் கிருமி நஞ்சை உண்டாக்குகிறது. செத்த பறவையில் நெளியும் புழுவைத் தின்ற பறவையும் சாகிறது. கையுறை அணிந்து தினமும் சடலங்களை அகற்றினாலே இந்தச் சங்கிலி அறும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன்பே தலைப்பு வந்துவிடுவதால், குட்டையை மூடு என்ற குரல்தான் பலக்கிறது.

இத்தனை வருத்தத்துக்கும் நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். நாலு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்