ஓவியம் பார்க்கும் வட்டம், பஃபலோ: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயற்குழு ஒழுங்காகக் கூடியது, டீ ஒழுங்காக ஆறிப்போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: ஹாப்பர், வார்ஹோல் என்று பேர்போன அமெரிக்க ஓவியர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, இந்த ஊரிலேயே வாழ்ந்து வரைந்த சார்லஸ் பர்ச்ஃபீல்டின் ஒரு படத்தையாவது சொல்ல முடியுமா? முடியவில்லை. அதனால் இந்த ஆண்டை அவருக்கே கொடுத்துவிட்டோம். முதலில் படம், அப்புறம் அந்தந்தப் பருவத்தைப் பார்க்க வெளியே போவது என்று ஏற்பாடு.

மனிதர் 1893இல் ஒஹாயோவில் பிறந்தவர், வளர்ந்தது சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, அதுவும் ஒஹாயோதான்). 1921இல் பஃபலோவுக்கு வந்து பர்ஜ் கம்பெனியில் வால்பேப்பருக்கு டிசைன் போட்டார். 1929இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டே இவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதியவர் ஹாப்பர்! வீடு பக்கத்து வெஸ்ட் செனெகாவில். எண்ணெய் வண்ணத்தைவிட வாட்டர்கலரில்தான் இவருக்குப் பிடிமானம் அதிகம். 1943 வாக்கில் தன் இளவயதுப் படங்களை எடுத்து, நாலாபுறமும் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பெரிதாக்கி, விட்ட இடத்திலிருந்து வரைய ஆரம்பித்தார். இங்கே அவர் பெயரிலேயே இருக்கும் அருங்காட்சியகமான பர்ச்ஃபீல்ட் பென்னி மையத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த ஒட்டு தெரிகிறது: மெல்லிய ஒரு மேடு, அதன் ஒருபக்கம் இருபது சொச்சம் வயதுக்காரரின் கை, மறுபக்கம் ஐம்பதைத் தாண்டியவரின் கை. அந்த ஒட்டுக்கு முன்னால் நாங்கள் நின்ற நேரத்தில் மற்ற கூடங்களைப் பார்த்து முடித்திருக்கலாம்.

வாட்டர்கலர் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் அருங்காட்சியகங்கள் மாற்றி மாற்றித்தான் மாட்டுகின்றன, அதனால் யூட்டிகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் 1917ஆம் ஆண்டின் 'பூச்சிகளின் சேர்ந்திசை'யைத் திரையில்தான் போட்டோம். புதர்களுக்குள்ளிருந்து கூரான, வளைந்த கோடுகள் கிளம்புகின்றன, சத்தத்தையே வரைந்திருக்கிறார். அன்று இரவே பூங்காவில் உட்கார்ந்து கேட்டோம். மரத்தில் கத்தும் ஒருவகைச் சில்வண்டு 13 விநாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி 40ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை வரும் என்பார்கள். ஃபோன் காட்டியதோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. எண்ணும்போது ஒருவர் பேசிக்கொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியதாயிற்று, பெயர் வேண்டாம்.

மார்ச்சில் மேப்பிள் பாகு காய்ச்சுவதைப் பார்க்கப் போனோம். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் மரத்தில் சாறு நன்றாக ஓடும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். வாடகைக்குப் பிடித்த வேன் தாமதமாக வந்ததில் காலை முழுக்கப் போயிற்று, முன்பணமும் இன்னும் திரும்பவில்லை. திரும்பும் வழியில் சதுப்பில் ஸ்கங்க் கேபேஜ் என்ற செடி தன் சூட்டிலேயே பனியை உருக்கிக்கொண்டு தலை நீட்டியிருந்தது. பாகைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

செப்டம்பர் கடைசியில் வெஸ்ட்ஃபீல்ட் பக்கம் கான்கார்ட் திராட்சை. ஈரி ஏரியின் கரையில் காற்று வீசும் திசையெல்லாம் அந்த வாசனை. பழத்தை அழுத்தினால் சதை வழுக்கி வாய்க்குள் போய்விடும், கருநீலத் தோல் விரலில் நிற்கும், கொட்டையைத் துப்பித்தான் ஆக வேண்டும். ஓவியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் அவரே ஒரு கூடை வாங்கிவிட்டார்.

குளிர்காலக் கூட்டம் ஏரிப் பக்கமிருந்து வந்து கொட்டிய பனியால் தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை.

வரும் ஆண்டுக்கு ஓவியர் ஆல்மா தாமஸைப் பரிந்துரைக்கிறேன். வாஷிங்டனில் 35 ஆண்டு பள்ளியில் ஓவியம் கற்பித்து 1960இல் ஓய்வுபெற்ற பிறகுதான் முழுநேரம் வரைந்தார், 1972இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி, அப்போது வயது எண்பது. பனிக்காட்சிகளுக்குப் பேர்போன ஓவியர் ட்வாக்ட்மன் வேண்டும் என்போரும் இருக்கிறார்கள், பனிக்காட்சி இங்கே ஜன்னலிலேயே கிடைக்கிறதே என்பது என் கட்சி. இன்றே வாக்கெடுத்துவிடலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்களிக்கும் முன் பொருளாளரைப் பார்க்கவும்.