ரெபெக்காளுக்கு என்ன அவசரம்?

அன்புள்ள ஞானராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பனங்கிழங்கு இந்த வருஷம் நன்றாக இறங்கியிருக்கிறது. உங்களுக்கென்று இரண்டு கட்டு எடுத்து வைத்திருக்கிறோம். சென்னைக்கு யாராவது கிளம்பினால் கொடுத்துவிடுகிறேன். மதினிக்கு மூட்டுவலி குறைந்ததா?

சரி, உங்கள் சபைத் தேர்தல் விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டி மறுபடியும் எதிர் அணி கைக்குப் போனால் பள்ளிக்கூடக் கட்டடம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இந்த ஒரு தடவை அவர்கள் பாணியிலேயே போனால் என்ன என்று கேட்கிறாய். ஆலயப் பக்கமே வராதவர்களின் சந்தா பாக்கியை நீங்களே கட்டி, பட்டியலில் பெயரை ஏற்றி, ஓட்டு நாளில் வேன் வைத்துக் கூட்டி வருவது. பக்காவான திட்டம்தான்!

உன் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குப் பயமே அங்கேதான். கெட்ட காரியத்துக்குக் குறுக்கு வழி தேடுகிறவனுக்கு எப்போதாவது மனசு உறுத்தும். நல்ல காரியத்துக்குத் தேடுகிறவன் ஜெபம் பண்ணிவிட்டே கிளம்பிவிடுவான்.

ஆதியாகமத்தில் வரும் ஈசாக்கின் மனைவி ரெபெக்காள் கதை அதுதானே? ஏசாவும் யாக்கோபும் இரட்டைப் பிள்ளைகளாக வயிற்றில் இருக்கும்போதே, ‘மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்’ என்று கர்த்தரே அவளிடம் சொல்லிவிட்டார். ஆக, யாக்கோபுக்கு ஆசீர்வாதம் போய்ச் சேர வேண்டும் என்று அவள் நினைத்தது தப்பே இல்லை. ஈசாக்கு மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்கக் கூப்பிட்டதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. இப்போது விட்டால் போச்சு! உடனே ஆட்டுக்குட்டிக் கறி சமைத்து, ஏசாவின் கைபோல ரோமமாக இருக்கட்டும் என்று ஆட்டுத் தோலை யாக்கோபின் கையில் சுற்றி, அண்ணன் உடுப்பையும் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டாள். கண் தெரியாத மனுஷன் தடவிப் பார்த்து ஏமாந்தார்.

திட்டம் பலித்தது. அப்புறம்? ஏசா கொல்லப் பார்க்கிறான் என்று தெரிந்ததும், அவன் கோபம் ஆறும்வரை ‘சிலநாள்’ தன் சகோதரன் லாபான் வீட்டில் இருக்கும்படி மகனை அனுப்பினாள். அந்தச் சிலநாள் 20 வருஷம் ஆனது. அம்மாவும் பிள்ளையும் திரும்பச் சந்தித்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளுடைய தாதி தெபொராள் செத்ததும் அடக்கம் பண்ணினதும் எழுதியிருக்கிறது. ரெபெக்காள் செத்த செய்தி இல்லை. மக்பேலா குகையில் அவளை அடக்கம் பண்ணினார்கள் என்று யாக்கோபு சாகும்போது சொல்வதோடு சரி.

இதில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிற இடம் ஒன்று உண்டு. ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். யாக்கோபு கிளம்பும்போது ஈசாக்கு, வந்திருப்பது யார் என்று நன்றாகத் தெரிந்தே, மறுபடியும் ஆசீர்வதிக்கிறார். ஆபிரகாமுக்குக் கிடைத்த ஆசீர்வாதமும் தேசமும் பெயர் சொல்லி வருவது அப்போதுதான். அதற்குத் தோலும் வேண்டியிருக்கவில்லை, கறியும் வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு அவள் சம்பாதித்தது ஏசாவின் கோபத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்லவில்லை. எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, எடுத்துக் கட்ட நினைத்த நெகேமியா நாலு மாதம் ஜெபித்தார். அப்புறம் ராஜாவிடம் கடிதமும் வாங்கினார், மரமும் கேட்டார். அவர் இராத்திரியில் யாருக்கும் சொல்லாமல் போய்த்தானே அலங்கத்தைப் பார்த்தார் என்று நீ மடக்குவாய், தெரியும். பார்த்துவிட்டு வந்து ஊரைக் கூட்டிப் பேசினார் அல்லவா? நீயும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எழுந்து, இன்னார் இன்னாருடைய சந்தாவை இன்ன காரணத்துக்காக நாங்கள் கட்டியிருக்கிறோம் என்று சபையில் சொல்ல முடியுமானால் தாராளமாகச் செய். முடியாது என்றால் வேன் வேண்டாம். நேராக நில். வீடு வீடாகப் போய்க் கட்டடத்தைப் பற்றிப் பேசு. தோற்றால் தோற்றுவிட்டுப் போ. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உன்னைவிடக் கர்த்தருக்கு அக்கறை குறைவா என்ன?

தம்பிக்குக் கனடா விசா மறுக்கப்பட்டதை எழுதியிருந்தாய். புது வருஷ ஆராதனையில் வருஷத்துக்கென்று எடுக்கிற வேதவசன வாக்குத்தத்த அட்டையில் அவனுக்கு எரேமியா 29:11, ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம் வந்ததாம், 10 நாளில் இப்படி ஆகிவிட்டதாம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் என்பதை அட்டையில் அச்சடிப்பதில்லை. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியா 70 வருஷம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. விசா ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல அவனிடம் யாரையும் பேசவிடாதே.

போன மாதம் டோனாவூர் போயிருந்தேன். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்தின மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893இல் முதலில் ஜப்பானுக்குத்தான் போனார். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பி, 1895இல் பெங்களூர் வந்து, பிறகு நம் நெல்லைச் சீமைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் திட்டம். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அதை மாற்றிவிட்டாள். ஊர் சுற்றினவர் பிள்ளை வளர்க்க உட்கார்ந்துவிட்டார். 1931இல் விழுந்ததற்கு அப்புறம், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே எவ்வளவோ எழுதினார். ஜப்பானில் நோயாய்க் கிடந்தபோது இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தம்பி ஊருக்கு வந்தால் அங்கே கூட்டிப் போகிறேன். அறிவுரை சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம் என்று சொல்.

நம் ஊர் ஆலயத்து அசன விருந்து மே மாதம்தான். இந்தத் தடவை சாக்கு சொல்லாமல் மதினியையும் கூட்டிக்கொண்டு வா. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பார்த்து வை. தேர்தல் தேதி முடிவானதும் எழுது.

உன்,
செல்லையா