மாப்பிள்ளை, அந்த விண்ணப்பத்தை அனுப்பு

அன்புள்ள மாப்பிள்ளை,

ஜெர்மன் குடியுரிமைக்கான விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமலே வைத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னது. "இனிமே நான் இந்தியன் இல்லேன்னு எழுதிக் கொடுக்கப் போறானாம்டா" என்று போனிலேயே அழுதது. அம்மா அழும்போது யாருக்கும் கை ஓடாது. ஆனாலும் நீ அனுப்பத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி யாரையும் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. காத்திருக்க வேண்டிய காலமும் எட்டு வருஷத்திலிருந்து ஐந்தாகிவிட்டது. விடச் சொல்வது நம் ஊர்ச் சட்டம்தான். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நாமாக ஏற்றுக்கொண்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பிறகு பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வாங்கிக்கொள்ளலாம். அது இருந்தால் ஆயுசுக்கும் விசா இல்லாமல் போய்வரலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வரும் நிலத்துக்குத் தடை இல்லை. நீடாமங்கலத்து வயல் எங்கேயும் போகாது. அக்காவின் பாதி அழுகை அந்த வயலுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீதிப் பாதி எனக்கும் தெரியும். 2016இல் நான் ஒப்படைத்த பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். வலித்தது. பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் அச்சடித்திருந்த பக்கங்களை ரயிலில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்படியும் நான் ஏன் ஜெர்மன் குடியுரிமை வாங்கினேன்? ஓட்டுக்காக. நீ வரி கட்டுகிறாய், ஓய்வூதியக் காப்பீடு கட்டுகிறாய். உன் மகளின் கிட்டா (மழலையர் காப்பகம்) எத்தனை மணிக்கு மூடும், உன் தெருவில் டிராம் வருமா என்பதையெல்லாம் நகர்மன்றம் முடிவு செய்கிறது. அந்தத் தேர்தலில்கூட உனக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள் போடலாம், இந்தியப் பாஸ்போர்ட்டோடு நீ போட முடியாது. வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டுக் கொடுக்க இரண்டு மாநிலங்கள் முயன்றன. 1990இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உன் மகள் பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகள். ஸ்டுட்கார்ட்டில் 16 வயதிலேயே நகர்மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவாள், நீ வாசலில் நிற்பாய்.

2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில், வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீதம் வாங்கிய இரவு, "நாம இங்க இருக்கலாமா மாமா?" என்று கேட்டாயே. பயப்படுகிறவனிடமும் ஓட்டு இருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

இங்கே டோர்ட்முண்டில் என் மாடி வீட்டில் ஒரு துருக்கிப் பெரியவர் இருக்கிறார். துருக்கியோடு 1961இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி வேலைக்கு ஆள் எடுத்த காலத்தில் இளைஞனாக வந்தவர். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் உழைத்தும், துருக்கிக் குடியுரிமையை விட மனசில்லாமல் ஓட்டில்லாமலே இருந்தார். புதிய சட்டம் அவருக்கு இரண்டையும் கொடுத்தது. அவர் தலைமுறைக்குக் குடியுரிமைக்கான எழுத்துத் தேர்வும் கிடையாது. 2025 செப்டம்பர் உள்ளாட்சித் தேர்தலுக்கான அழைப்புக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார். அன்று கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, பேத்தி கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார். உனக்கு அந்த வசதி இல்லை, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. இந்தியா ஒருநாள் இரட்டைக் குடியுரிமை தர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை காத்திருந்தால் நீயும் கிழவனாகிவிடுவாய்.

தமிழ் போய்விடுமோ என்ற பயத்துக்கு இங்கே ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயிலைத்தான் காட்டுவேன். நாம் வேலைக்கு வந்தோம், அவர்கள் உயிர் தப்பி வந்தார்கள். இரண்டும் ஒன்றாகாது. ஆனாலும் தொழிற்பேட்டை ஓரத்தில் கோயில் கட்டி 2002இல் குடமுழுக்கு நடத்தினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் வடம் பிடித்ததையும், யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கி ஜெர்மனில் சண்டையை முடித்ததையும் நீயே பார்த்தாய். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அங்கே யார் கேட்டார்கள்?

33 கேள்வியில் 17 சரியானால் போதும் என்ற குடியுரிமைத் தேர்வை நீ எப்போதோ முடித்துவிட்டாய். பிறப்புச் சான்றிதழை மட்டும் நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடு. கட்டணம் 255 யூரோ, அதை நான் தருகிறேன், மறுக்காதே. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசுகிறேன். வயல் விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அன்புடன்,
மாமா