32 பிரேக்கர் போடச் சொன்னாயே மனே

மனே,

நேத்து போன்ல கொம்மா பக்கத்துல நிண்டதால சரியாக் கதைக்க ஏலாமப் போச்சு, அதான் எழுதுறன். நீ அனுப்பின காசுல ஏசி பூட்டி ஒரு கிழமை, ரூம் நல்ல குளிர், கொம்மா போர்வை தேடுறா. ஆனா ஏசி ஓடக்குள்ள தண்ணி மோட்டரையும் போட்டு ரைஸ் குக்கரும் கேத்திலும் வெச்சா கொஞ்ச நேரத்துல பிரேக்கர் டக்கெண்டு விழுந்து கரண்ட் நிண்டிரும். வயரிங் வேலை செய்ற பாஸ் வந்து 16 அம்பியர் பிரேக்கரைக் கழட்டிட்டு 32 அம்பியர் போட்டா கரைச்சல் இல்ல எண்டான், நீயும் அதத்தான் சொல்றாய்.

கணக்கப் பாரு. கேத்தில் 2000 வாட், 230 வோல்ட்டால பிரிச்சா 8.7 அம்பியர். ஏசி ஒரு 5, மோட்டர் 5, குக்கர் 3, கூட்டினா 21, 22க்கு வருது, 16ஐத் தாண்டிட்டு. உடன விழாது, பிரேக்கருக்குள்ள இரிக்கிற தகடு சூடேறி வளைஞ்சாத்தான் விழும், அதான் கொம்மா தேத்தண்ணி ஊத்துற நேரமாப் பாத்து விழுது. பிரேக்கர்ல பழுதே இல்ல மனே, அது செவருக்குள்ள போற வயருக்குக் காவல்.

நம்மட வீடு சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்தது, நாலு லைட்டும் ரெண்டு பிளக்கும் எண்டு நினைச்சி இழுத்த லைன், பிளக்குக்கே 1.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர்தான். மெயினை ஓஃப் பண்ணிப்போட்டு கேத்தில் பிளக்கைக் கழட்டிப் பாத்தன், நம்மட கல்லடிக் கடக்கரை உப்புக் காத்துல ஸ்குரூ துருப்புடிச்சி லூஸ், சிவப்பு வயர் முனை ஒரு இஞ்சிக்குக் கருத்து, நகத்தால தொட உதிருது. 32 போட்டிருந்தா செவருக்குள்ள போற வயரும் சூடேறி வெந்துகொண்டு கிடக்கும், பிரேக்கர் சும்மா பாத்துக்கொண்டிருக்கும்.

ஏசிக்கு போர்ட்ல இருந்து தனி லைன், அதவிடத் தடிச்ச 2.5 வயர், 16 அம்பியர் சி டைப் பிரேக்கர். கொம்பிரசர் ஸ்டார்ட் ஆகக்குள்ள ஒருக்கா கூடக் கரண்ட் இழுக்கும், சி டைப் அதத் தாங்கும், பி டைப் எண்டா அதுக்கே சிலநேரம் விழும். மோட்டருக்கும் தனியா ஒண்டு, பழைய லைன்ல 16 அப்பிடியே இருக்கட்டும், லைட்டுக்கு 6 காணும். கரண்ட் ஒழுகினா உடன விழுந்து ஆளைக் காப்பாத்துற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சையும் பைபாஸ் பண்ணுவம் எண்டான் அந்தப் பாஸ், தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டன்.

காசு இன்னும் கொஞ்சம் வேணும், நாளைக்கு டவுணுக்குப் போய் வயர் விலை கேட்டுச் சொல்றன். அதுவரைக்கும் கேத்தில் பிளக்குக்கு டேப் ஒட்டி வெச்சிரிக்கன், கொம்மா விறகடுப்புலதான் தண்ணி கொதிக்க வைக்கிறா, என்னோட கதைக்கிறதும் இல்ல.

அப்பா