மாயாற்றில் இறங்கி நடந்தேன்

அன்புள்ள செல்வம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

போன மாதம் மச்சினனோடு தெங்குமரஹாடா என்ற காட்டு ஊருக்குப் போய் வந்தேன். பவானிசாகரிலிருந்து காட்டு வழியில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பஸ் மாயாற்றங்கரையோடு நின்றுவிடும், ஊர் அக்கரையில். பாலம் கிடையாது. தண்ணீர் மிகுந்தால் பரிசல், குறைந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடை.

ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கும் இடத்தைப் பார்த்தால் புது ஆளுக்குப் பயம் வரும். ஆறு அகன்று, கல்லில் மோதி இரைச்சலோடு ஓடுகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் ஒடுங்கி, அசைவே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிறது. நாலு எட்டில் தாண்டிவிடலாம் போலிருக்கும், ஆனால் ஆழம் முழுக்க அங்கேதான். போதாததற்கு முதலையும் இருக்கிற ஆறு. அதே தண்ணீர் அகலமாகப் பரவும்போது முழங்காலுக்கு இறங்கிவிடுகிறது.

எனக்கு முன்னால் ஓர் அம்மா தலையில் மூட்டையோடு இறங்கினார். பாதத்தைத் தூக்கியே வைக்கவில்லை. கல்மேல் தேய்த்துத் தேய்த்து நகர்த்தி, ஒரு கால் நிலைத்த பிறகே அடுத்த கால். கம்பு எப்போதும் தண்ணீர் வரும் பக்கம். கண் அக்கரை மரத்தில். ஓடும் தண்ணீரையே பார்த்தால் தலை சுற்றுமாம். நானும் அப்படியே போனேன்.

மேலே பைக்காரா அணையைத் திறந்துவிட்டால், இங்கே வெயில் காயும்போதே மட்டம் ஏறிவிடும். அன்று பிரசவ வலி வந்தாலும் பரிசலை நம்பித்தான் ஆக வேண்டும். இத்தனை காலம் அந்த மக்களை இப்படி விட்டிருப்பது அநியாயம், செல்வம்.

அங்கே நிற்கும்போது உங்கள் கொள்ளிடம்தான் நினைவில் ஓடியது. கோடையில் பேசிக்கொண்டே அக்கரைக்கு நடப்போமே! கல் பாவிய மாயாற்றில் இறங்கிக் கடக்கும் துறை சட்டென்று இடம் மாறாது. மணலாறு அப்படியில்லை, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடித்தரை மாறும். அதிலும் பொக்லைன் இறங்கி மணல் அள்ளிய பிறகு, பெரியவர்கள் காட்டிய இடத்தைக்கூட நம்ப முடிவதில்லை. முழங்கால் தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த எட்டில் குழிக்குள் போய்விடுகிறது. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் எல்லாம் ஒரே மட்டம். செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆடிப்பெருக்குக்கு உன் பேரப்பிள்ளைகள் வருவார்கள்தானே. தினமும் ஆற்றில் மாடு ஓட்டுகிறவர் யாரையாவது முதலில் கம்போடு இறங்கிப் பார்க்கச் சொல். அதுவரை ஒருவரையும் படியைத் தாண்ட விடாதே. நானும் முதல் நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமு