அப்பாவின் வண்டிச் சாவி

ஆசிரியருக்கு,

மறதி நோய் தொடங்கிய பிறகும் என் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் பால் சொசைட்டிக்குப் போய்வந்தார். ஒருநாள் பால் கேனோடு சத்தி ரோட்டில் எதிர்த்திசையில் ஏறிவிட்டார். லாரிக்காரர் ஒதுங்கியதால் தப்பித்தார். சாவியை ஒளித்து வைக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டாக்டர் அவரிடமே பொறுமையாகக் கேட்டார்: "திரும்புற இடத்துல தடுமாறுதுங்களா?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாங்க, இனி பையன் கொண்டு போகட்டும்" என்றார் அப்பா.

உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்கிறார்கள், சரி. அதில் கண், காது, கை கால்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பு. இந்த நோய் அதுவரை காத்திருக்காது. நோயைக் கண்டறியும் டாக்டரே வண்டிப் பேச்சையும் அன்றே தொடங்க வேண்டும், நோயாளியையும் வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு விவசாயி மகள்,
கோபிசெட்டிபாளையம்