கன்னக்குழிக்குப் பிறகு வரும் வாரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கல்யாணத்துக்கு இன்னும் 3 வாரம் இருக்கையில், என் தங்கை மகள் ஆசைப்பட்டு, மதுரையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு கன்னத்திலும் குழி வைத்துக்கொண்டாள். அரை மணி நேர வேலைதான், மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள் சின்னதாகக் கீறி, கன்னத் தசையைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முகம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும், சிரிக்காமல் சும்மா இருக்கும்போதே குழி தெரிந்தது; தசை இளகும்வரை சில வாரம் அப்படித்தான் இருக்குமாம். இதை முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதிருக்காது. காயம் வாய்க்குள் என்பதால் காரம், சூடு, முறுக்கு எதுவும் ஆகாது, சாப்பிட்டதும் கொப்பளிக்க வேண்டும். கறிதோசைக்கு உயிரை விடுகிறவள் தயிர்சாதத்தைக் குழைத்துக் குழைத்து விழுங்கினாள். கிருமித் தொற்று, ஒன்றுபோல் அமையாத குழி, அபூர்வமாக முக நரம்பில் காயம், இதெல்லாம் வரலாம், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்குவதும் சுலபமில்லை. சிகிச்சைக்கு முன் மருத்துவமனைகள் கையெழுத்து வாங்கும் தாளில் இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

- ஒரு பெரியம்மா, திருநகர், மதுரை